வங்காள விரிகுடாவின் பழைய வெப்பநிலை: நுண்ணுயிரி ஓடுகளின் எந்த அளவையைத் தேர்வது?

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீர் இன்றைவிட எத்தனை டிகிரி குளிர்ந்திருந்தது? கடலடிச் சேற்றில் குழாயை இறக்கி எடுத்த ஒரு படிவுத் தண்டை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர், எந்த அளவையை நம்புவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். படிவில் கிடக்கும் நுண்ணுயிரி ஓடுகளுக்குள் வெப்பநிலையைச் சொல்லும் வேதியியல் தடயங்கள் மூன்று உள்ளன. ஓடுகளைக் கரைக்காமல் இனம் பிரித்து எண்ணுவது இன்னொரு வழி. இவற்றில் பெரும்பாலானவை வெப்பநிலையை மட்டும் தனியாகப் பதிவு செய்வதில்லை. அவற்றில் வேறு ஏதோ ஒன்று கலந்தே இருக்கிறது. ஆகவே கருவி எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்பதைவிட, ஆராயும் கடலில் வெப்பநிலையைத் தவிர வேறு என்ன மாறியிருக்கும் என்பதைக் கொண்டே அளவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். வங்காள விரிகுடாவில் அந்த ‘வேறு’ மிகப் பெரியது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பருவமழை நீரெல்லாம் வந்து சேரும் இக்கடலின் வடபகுதியில், மழைக்காலத்துக்குப் பின் மேற்பரப்பு நீரின் உவர்ப்பு (ஒரு கிலோ நீரில் உள்ள உப்பு, கிராம் கணக்கில்) 30-க்கும் கீழே இறங்குவதுண்டு; தெற்கே போகப் போக அது 34-ஐ நெருங்குகிறது.

ஃபோராமினிஃபெரா என்பவை மணல் துகள் அளவேயான ஒற்றைச் செல் உயிரிகள். சுண்ணாம்பால், அதாவது கால்சியம் கார்பனேட்டால், அறை அறையாக ஓடு கட்டிக்கொள்பவை. மிதந்து வாழும் இனங்கள் இன்றைய கடல்களில் ஐம்பதை ஒட்டியே இருக்கின்றன. வாழ்வு முடிந்ததும் ஓடு அடித்தரைக்கு இறங்கிச் சேற்றோடு படிகிறது. வண்டலை 63 மைக்ரான் சல்லடையில் அலசி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் நனைத்த தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான உழைப்பு போகிறது. வெப்பக் கடல்களின் மேற்பரப்பை அறிய விரும்புவோர் பொதுவாகத் தேடுவது குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனத்தின் வெண்ணிற வகையை. தன்னுடன் பாசிகளை வைத்து வாழ்வதால் இது வெளிச்சம் புகும் மேலடுக்கை விட்டு அதிகம் இறங்குவதில்லை. உவர்ப்பு குறைந்த நீரையும் தாங்குவதால், ஆற்று நீர் பரவும் வங்காள விரிகுடாவிலும் போதிய எண்ணிக்கையில் கிடைக்கிறது. இனத்தை ஒன்றாகவும், அளவை 250 முதல் 355 மைக்ரானுக்குள்ளாகவும் வைத்துக்கொள்வது பெரும்பாலான வேதியியல் அளவைகளுக்குப் பொதுவான முன்நிபந்தனை.

முதலில் வந்தது ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவை. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். சிகாகோவில் பணியாற்றிய ஹெரால்டு யூரி 1947-இல் வெளியிட்ட கணக்கீடுகளின் சாரம் எளிது: நீர் குளிர்ந்திருந்தால், அதில் உருவாகும் சுண்ணாம்பு கனமான ஆக்சிஜன்-18-ஐச் சற்று அதிகமாக ஏற்றுக்கொள்ளும். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால், ஓட்டில் ஆக்சிஜன்-18-க்கும் இலேசான ஆக்சிஜன்-16-க்கும் உள்ள விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.22 பங்கு உயர்கிறது. ஆயிரத்தின் பங்கைத் துறையினர் பெர்மில் என்று சொல்வர். சாமுவேல் எப்ஸ்டீனும் யூரியும் உள்ளிட்ட குழு 1953-இல் வெப்பநிலை தெரிந்த நீரில் வளர்ந்த மெல்லுடலிகளின் ஓடுகளைக் கொண்டு ஒரு சமன்பாட்டை வகுத்தது. செசாரே எமிலியானி 1955-இல் அதையே ஃபோராமினிஃபெரா ஓடுகளுக்குப் பயன்படுத்தி, பனியுகங்களில் கரீபியன் கடல் ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்தது என்று எழுதினார்.

அந்த விடை நிலைக்கவில்லை. காரணம், ஓட்டின் விகிதம் நீரின் வெப்பநிலையை மட்டுமல்லாமல் நீரின் சொந்த ஐசோடோப்பு விகிதத்தையும் சார்ந்தது. பனியுகத்தில் இலேசான ஆக்சிஜன்-16 நிறைந்த நீர் கண்டப் பனிப்பாளங்களில் சிக்கிக்கொள்ள, கடலில் எஞ்சிய நீர் கனமாகிறது. நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1967-இல் இதைக் காட்டிய விதம் அழகானது. ஆழ்கடல் நீர் ஏற்கெனவே உறைநிலைக்கு அருகில் இருப்பதால் பனியுகத்தில் அது மேலும் அதிகம் குளிர வழியில்லை. ஆனால் அடித்தரையில் வாழும் ஃபோராமினிஃபெராவின் ஓடுகளிலும் மேற்பரப்பு ஓடுகளில் கண்டதற்கு நெருக்கமான மாற்றமே தெரிந்தது. எனவே எமிலியானி வெப்பநிலை என்று படித்ததில் பெரும்பகுதி பனிக்கட்டியின் அளவு. பின்னாளில் படிவுத் துளைகளில் தங்கிவிட்ட பழைய கடல்நீரை நேரடியாக அளந்தபோது, பனியுக உச்சத்தில் கடல் முழுவதும் சுமார் 1.0 பெர்மில் கனத்திருந்தது உறுதியானது.

இதை வங்காள விரிகுடாவுக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை இன்னும் கடினமாகிறது. ஒரு கணக்குக்காக, பனியுகத்தில் மேற்பரப்பு உண்மையில் 3 டிகிரி குளிர்ந்தது என்றும், தென்மேற்குப் பருவமழை தளர்ந்து ஆற்று நீர் குறைந்ததால் உவர்ப்பு 3 அலகு உயர்ந்தது என்றும் கொள்வோம். குளிர்ச்சியால் வருவது 0.66 பெர்மில், பனிப்பாளத்தால் வருவது 1.0 பெர்மில், ஓர் அலகு உவர்ப்புக்கு 0.2 பெர்மில் என்ற வீதத்தில் உவர்ப்பால் வருவது 0.6 பெர்மில். ஓட்டில் தெரியும் மொத்த மாற்றம் 2.26 பெர்மில். இதை முழுவதும் வெப்பநிலை என்று வாசித்தால் 10 டிகிரி குளிர்ச்சி என்ற பிழையான விடை கிடைக்கும். பனிப்பாளத்தின் பங்கு உலகம் முழுவதற்கும் பொது என்பதால் அதைக் கழித்துவிடலாம். உவர்ப்பின் பங்கை அப்படிக் கழிக்க முடியாது, ஏனெனில் அந்த உவர்ப்பே தெரியாத ஒன்று. திறந்த பசிபிக்கின் நடுவில் எடுத்த தண்டுக்கு இந்த அளவை தனியாக ஓரளவு தாங்கும். இங்கே தனியாக நிற்காது.

ஆனாலும் இதை விலக்கிவிட முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஐந்து முதல் பத்து ஓடுகள் போதும். அளவீடு வேகமானது, செலவும் மற்ற வேதியியல் அளவைகளைவிடக் குறைவு. மேலும் கடலடி இனங்களின் ஆக்சிஜன் வளைவை, உலகெங்கும் இருந்து எடுத்த 57 பதிவுகளை அடுக்கி 2005-இல் வெளியான பொது வளைவோடு ஒப்பிட்டுத் தண்டின் வயதை நிர்ணயிப்பது இன்றும் அடிப்படை வேலையாக இருக்கிறது. வெப்பநிலைக்கு ஏமாற்றும் அதே பனிப்பாளச் செய்தி காலக்கணிப்புக்குக் கைகொடுக்கிறது.

இனங்களை எண்ணும் வழிக்கு வேதியியல் கூடமே வேண்டாம். நுண்ணோக்கியும் பொறுமையும் இனமறியும் கண்ணும் போதும். ஒவ்வொரு மாதிரியிலும் 300 ஓடுகளுக்குக் குறையாமல் எண்ணி, எந்த இனம் எத்தனை விழுக்காடு என்று கண்டு, இன்றைய கடல்தரை மாதிரிகளில் அதே கலவை எந்த வெப்பநிலை நீரின் கீழ் கிடைக்கிறது என்று ஒப்பிடுவதே முறை. ஜான் இம்ப்ரியும் நில்வா கிப்பும் 1971-இல் இதற்குப் புள்ளியியல் வடிவம் கொடுத்தனர். கிளைமேப் என்ற பெருந்திட்டம் அதை முதன்மையாகக் கொண்டு 1976-இல் பனியுகக் கடல்களின் வரைபடத்தை வெளியிட்டது. வடக்கு அட்லாண்டிக்கில் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ச்சியைத் தெளிவாகக் காட்டிய அந்த வரைபடம், வெப்பமண்டலக் கடல்களின் பெரும்பரப்பில் 2 டிகிரிக்கும் குறைவான குளிர்ச்சியையே காட்டியது. துணைவெப்பமண்டலப் பசிபிக்கின் சில பகுதிகள் இன்றைவிட வெப்பமாகக்கூட இருந்தன என்றது. வெப்பமண்டல மலைகளில் பனிக்கோடு பல நூறு மீட்டர் கீழே இறங்கியிருந்ததோடு இது பொருந்தவில்லை. அந்த முரண்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. பல அளவைகளை ஒருங்கிணைத்து 2009-இல் வெளியான மார்கோ தொகுப்பு வெப்பமண்டலக் குளிர்ச்சியைச் சராசரியாக 1.7 டிகிரி என்று கணித்தது. காலநிலையின் கணினி மாதிரிகளோடு தரவை இணைத்த பிற்கால ஆய்வுகள் அதைவிட அதிகமான குளிர்ச்சியை நோக்கிச் செல்கின்றன.

வெப்பமண்டலத்தில் இந்த முறை ஏன் தளர்கிறது என்பது புரிந்துகொள்ளக் கடினமன்று. 10 டிகிரி நீருக்கும் 15 டிகிரி நீருக்கும் இடையில் இனங்கள் முற்றிலும் மாறிவிடுகின்றன; 26-க்கும் 29-க்கும் இடையில் ஏறத்தாழ அதே கூட்டமே வாழ்கிறது. எஞ்சும் சிறு வேறுபாட்டையும் வெப்பநிலையைவிட உணவு, உவர்ப்பு, நீரடுக்கின் அமைப்பு ஆகியவையே அதிகம் தீர்மானிக்கின்றன. அரபிக்கடலின் மேற்கில், ஓமன் கரையை ஒட்டி, குளிர்ந்த சத்துநீர் மேலெழும் இடத்தில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் பெருகுவதைக் கொண்டு பருவக்காற்றின் வலிமையைக் கணிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எண்ணும் முறை மிகப் பொருத்தமானது. வங்காள விரிகுடாவின் வெப்பநிலையை அதனிடம் கேட்பது, கேட்கக்கூடாத சாட்சியிடம் கேட்பதாகும். ஆயினும் தண்டின் எந்தப் பகுதியில் ஓடுகள் நன்றாக உள்ளன, எங்கே உடைந்து கரைந்திருக்கின்றன என்று அறிய முதல் சில வாரங்களை எண்ணுவதில் செலவிடுவது வீணல்ல.

மூன்றாவது வழியான மெக்னீசியம்–கால்சியம் விகிதமே இந்தக் கடலுக்கு மையமானது. அதனால் அதன் நிறைகுறைகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓட்டின் சுண்ணாம்புப் படிகமான கால்சைட்டில் கால்சியத்தின் இடத்தில் மெக்னீசியம் புகுவதற்கு வெப்பம் துணைசெய்கிறது. ஆகவே நீர் வெப்பமாக இருந்தால் ஓட்டில் மெக்னீசியம் கூடுகிறது. உறவு நேர்கோட்டில் செல்லாமல் அடுக்கேற்றமாகச் செல்கிறது: டிகிரிக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. 2003-இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படும் சமன்பாட்டின்படி 28 டிகிரியில் ஒரு மோல் கால்சியத்துக்குச் சுமார் 4.7 மில்லிமோல் மெக்னீசியமும், 25 டிகிரியில் சுமார் 3.6 மில்லிமோலும் இருக்கும். அடுக்கேற்றம் என்பதால் வெப்பமான நீரில்தான் வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. இனங்களை எண்ணும் முறை எங்கே மழுங்குகிறதோ அங்கே இது கூர்மையாகிறது. கடலில் மெக்னீசியம் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகவும் கால்சியம் பத்து லட்சம் ஆண்டுகள் அளவிலும் தங்குவதால், சில லட்சம் ஆண்டுகளுக்குட்பட்ட ஆய்வில் கடல்நீரின் சொந்த விகிதம் மாறாது என்று கொள்ளலாம். பனிப்பாளம் பெருகினாலும் சுருங்கினாலும் இந்த விகிதம் அசைவதில்லை என்பதே ஆக்சிஜனுக்கு எதிரில் இதன் முதன்மையான மேன்மை.

இடர்கள் மூன்று இடங்களில் வருகின்றன. முதலாவது அழுக்கு. ஆறுகள் கொட்டும் களிமண்ணில் மெக்னீசியம் மிகுதி. ஓட்டின் அறைகளுக்குள் ஒட்டிய சிறிதளவு களிமண்ணும் வெப்பநிலையைப் பல டிகிரி உயர்த்திக் காட்டிவிடும். வங்காள விரிகுடா உலகின் மிகப் பெரிய ஆற்றுப் படிவு விசிறியைத் தாங்கிய கடல் என்பதால் இந்த இடர் இங்கே ஏட்டளவில் நிற்பதன்று. ஓடுகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் மெல்ல நொறுக்கி, தூய நீராலும் மெத்தனாலாலும் மீயொலியில் பலமுறை அலசி, ஹைட்ரஜன் பெராக்சைடால் கரிமப் பொருளை நீக்கி, மிக நீர்த்த அமிலத்தில் ஒரு கணம் கழுவி, அதன்பின் கரைத்து அளக்கிறார்கள். சில ஆய்வுக்கூடங்கள் இடையில் ஹைட்ராசினைக் கொண்டு உலோகப் பூச்சை நீக்கும் ஒரு படியையும் சேர்க்கின்றன. அது ஓட்டின் மெக்னீசியத்தையும் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை குறைத்துவிடுகிறது, அதாவது ஒரு டிகிரி. ஒரு கூடத்தின் முடிவை மற்றொன்றின் சமன்பாட்டில் போடுவதால் வரும் பிழையை நான் மிகையாக அஞ்சுகிறேன் என்று சிலர் சொல்லலாம். ஆனால் தேடும் குளிர்ச்சியே 3 டிகிரிதான் என்னும்போது ஒரு டிகிரி அற்பமன்று. ஒவ்வொரு மாதிரியிலும் அலுமினியம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்தே அளந்து, மெக்னீசியத்தோடு அவையும் ஏறினால் அந்த மாதிரியை ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது கரைதல். ஆழம் கூடக்கூட நீர் சுண்ணாம்பைக் கரைக்கும் தன்மை பெறுகிறது. மெக்னீசியம் மிகுந்த பகுதிகளே முதலில் கரைகின்றன. எஞ்சும் ஓடு உண்மையைவிடக் குளிர்ந்த விடையைத் தருகிறது. இதற்குத் திருத்தச் சமன்பாடுகள் உள்ளன என்றாலும், ஆழம் குறைந்த தண்டைத் தேர்ந்தெடுப்பதே அவற்றைவிட நல்ல மருந்து. 2014–15-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 353-ஆம் பன்னாட்டுப் பயணத்தில் மகாநதிப் படுகையில் துளையிட்ட யு1446 என்ற இடம் சுமார் 1,430 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. விசிறியின் ஆழ்பகுதிகளோடு ஒப்பிட்டால் இத்தகைய கண்டச்சரிவு இடங்களில் ஓடுகள் நன்றாகத் தங்குகின்றன.

மூன்றாவது, உவர்ப்பும் நீரின் அமில காரத் தன்மையும். இதுதான் சற்று நுட்பமானது. உவர்ப்பு ஓர் அலகு கூடினால் ஓட்டின் மெக்னீசியம் 3 முதல் 4 விழுக்காடு கூடுகிறது என்பது வளர்ப்புச் சோதனைகளில் தெரிந்தது. நீரின் பிஎச் 0.1 உயர்ந்தால் அது சுமார் 8 விழுக்காடு குறைகிறது. மேலே எடுத்துக்கொண்ட கணக்கில் பனியுகத்தில் உவர்ப்பு 3 அலகு உயர்ந்ததால் மெக்னீசியம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். அதே காலத்தில் வளிமண்டலக் கார்பன் டைஆக்சைடு குறைந்து மேற்பரப்பு நீரின் பிஎச் சுமார் 0.15 உயர்ந்திருந்ததால் மெக்னீசியம் 12 விழுக்காடு குறையும். ஒன்று உண்மையான குளிர்ச்சியை மறைக்கிறது, மற்றொன்று மிகைப்படுத்துகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எந்தத் திருத்தமும் செய்யாத பழைய வெளியீடுகளின் பனியுக விடைகள் முழுவதும் தவறாகப் போகாததற்கு இந்தத் தற்செயலான சமன் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டுவிடுபவர், திருத்தாதவரைவிட உண்மையிலிருந்து விலகிப் போவார். திருத்தினால் இரண்டையும் திருத்த வேண்டும். அப்போது டிகிரிக்கு 9 விழுக்காடு என்பதற்குப் பதிலாகச் சுமார் 6 விழுக்காடு என்ற தூய வெப்ப உணர்வுடைய புதிய சமன்பாட்டையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் பழைய 9-க்குள் வெப்பத்தால் மாறும் பிஎச்சின் பங்கும் கலந்திருக்கிறது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்த அளவையை முன்னால் நிறுத்துவதற்குக் காரணம், ஆக்சிஜனோடு அது சேரும் விதம். ஒரே மாதிரியில் பொறுக்கிய, ஒன்றாக நொறுக்கிக் கலந்த அதே ஓடுகளின் ஒரு பகுதியில் மெக்னீசியமும் மறுபகுதியில் ஆக்சிஜனும் அளக்கப்பட்டால், இரண்டும் ஒரே பருவத்தையும் ஒரே ஆழத்தையும் பேசுகின்றன. மெக்னீசியம் தந்த வெப்பநிலையை ஆக்சிஜன் சமன்பாட்டில் இட்டால் நீரின் ஐசோடோப்பு விகிதம் கிடைக்கிறது. அதிலிருந்து பனிப்பாளத்தின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது உள்ளூர் நன்னீரின் கதை. ஆக்சிஜன் அளவையின் குறையாக இருந்த உவர்ப்புக் கலப்பு இங்கே தேடிய பொருளாக மாறிவிடுகிறது. அந்தமான் கடலில் இந்த இணை அளவையைக் கையாண்ட ஆய்வுகள், பனியுக உச்சத்தில் மேற்பரப்பு சுமார் 3 டிகிரி குளிர்ந்திருந்ததையும் நீர் இன்றைவிட உவர்ப்பாக இருந்ததையும் சேர்த்தே காட்டின. வெப்பநிலையில் ஒரு டிகிரிப் பிழை இருந்தால் நீரின் விகிதத்தில் 0.22 பெர்மில் பிழை வரும். அளவீட்டுப் பிழையையும் சேர்த்தால் 0.25-ஐத் தொடும், உவர்ப்பாக மாற்றினால் அது ஓர் அலகுக்கும் மேல். ஆகவே ‘உவர்ப்பு கூடியது’ என்று சொல்லலாம், ‘1.4 அலகு கூடியது’ என்று சொல்லக் கூடாது. அதற்கும் மேலாக, இன்றைய உவர்ப்புக்கும் ஐசோடோப்புக்கும் உள்ள உறவு அன்றும் அப்படியே இருந்தது என்பது ஒரு கருதுகோளே. நீரின் ஐசோடோப்பு விகிதத்தோடு நின்றுவிடும் கட்டுரைகளை நான் அதிகம் மதிக்கிறேன்.

நான்காவது வழி கொத்து ஐசோடோப்பு. ஒரே கார்பனேட் தொகுதிக்குள் கனமான கார்பன்-13-உம் கனமான ஆக்சிஜன்-18-உம் சேர்ந்து அமையும் நிகழ்வு, குளிரில் சற்று அதிகம். நீரின் சொந்த விகிதம் என்னவாக இருந்தாலும் இந்தச் சேர்க்கையின் மிகுதி மாறுவதில்லை. ஓட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து எழும் கார்பன் டைஆக்சைடில், நிறை 47 கொண்ட மூலக்கூறுகளை எண்ணுகிறார்கள். பத்து லட்சத்தில் ஏறத்தாழ 45 மூலக்கூறுகளே அப்படிப்பட்டவை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஐலரின் குழுவில் பணியாற்றி, பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த புரொசென்ஜித் கோஷ் முதல் ஆசிரியராக 2006-இல் வெளியிட்ட கட்டுரையே சுண்ணாம்புப் பொருள்களுக்கு இதை வெப்பமானியாக நிறுவியது. பனிப்பாளமும் உவர்ப்பும் இதைத் தொடுவதில்லை. இனத்துக்கு இனம் மாறும் உயிரியல் விலகலும் ஃபோராமினிஃபெராவில் பிரித்தறியும் அளவுக்கு இல்லை. கோட்பாட்டளவில் பார்த்தால் வங்காள விரிகுடாவுக்கென்றே செய்தது போலிருக்கிறது.

தடை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு இந்தச் செய்தி மாறுவது 0.003 பெர்மில் மட்டுமே; ஒற்றை அளவீட்டின் சிதறலோ சுமார் 0.03 பெர்மில், அதாவது 10 டிகிரி. பலமுறை அளந்து சராசரி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தலைக்கு 100 மைக்ரோகிராம் என்று 40 முறை அளந்தால் பிழை 1.6 டிகிரிக்கு இறங்கும். இதற்கு 4 மில்லிகிராம் சுண்ணாம்பு வேண்டும். இந்த அளவு ரூபர் ஓடு ஒன்றின் எடை 10 மைக்ரோகிராமை ஒட்டியது என்பதால் ஏறத்தாழ 400 ஓடுகள். பனியுகத்துக்கும் இன்றைக்கும் இடையிலான 3 டிகிரி வேறுபாட்டை நம்பும்படி பிரித்துக் காட்ட இதுவும் போதாது; 150 முறை அளந்தால் ஒவ்வொரு முனையிலும் 0.8 டிகிரிப் பிழையும், வேறுபாட்டில் 1.2 டிகிரிப் பிழையும் வரும்; ஒரு முனைக்கே 1,500 ஓடுகள் தேவைப்படும். மெக்னீசியத்துக்கு 30 முதல் 50 ஓடுகள் போதும் என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். ஆயிரமாண்டுக்கு ஒரு புள்ளி என்று வளைவு வரைய இந்த அளவை உதவாது. ஆனால் இன விலகல் இல்லாததால் மேற்பரப்பில் வாழும் இரண்டு மூன்று இனங்களைக் கலந்து அளக்கலாம். பனியுக உச்சத்துக்குரிய பல சென்டிமீட்டர் படிவை ஒன்றாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் இரண்டே இரண்டு காலத்துண்டுகளுக்கு மெக்னீசியத்தின் விடையைத் சார்பற்ற முறையில் சோதிக்க முடியும். இதன் இடம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடுகளை விட்டுவிட்டு, கோக்கோலித்துப் பாசிகள் விட்டுச்சென்ற ஆல்கீனோன் என்னும் கொழுப்புகளை அளக்கலாமே என்ற கேள்வி எழும். அந்த முறை மிதவெப்பக் கடல்களில் சிறந்தது. ஆனால் 28 டிகிரியைத் தாண்டியதும் அதன் குறியீடு தன் உச்சத்தைத் தொட்டு அசையாமல் நின்றுவிடுகிறது. வங்காள விரிகுடாவின் இன்றைய ஆண்டுச் சராசரி அந்த எல்லையிலேயே இருப்பதால் ஒப்பீட்டின் ஒரு முனை தெளிவற்றுப் போகிறது. தவிரவும், வேறொரு உயிரி வேறொரு பருவத்தில் விட்ட செய்தியை ரூபரின் ஆக்சிஜனோடு இணைத்து உவர்ப்பைக் கணிப்பது, ஒரே ஓட்டிலிருந்து இரண்டையும் பெறுவதற்கு ஈடாகாது.

ஆகவே கடந்த சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குரிய, 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்காத ஒரு வங்காள விரிகுடாத் தண்டுக்கு என் தேர்வு இது: எல்லா மாதிரிகளிலும் ரூபரின் மெக்னீசியமும் ஆக்சிஜனும் இணையாக, கடலடி இனத்தின் ஆக்சிஜன் காலக்கணிப்புக்கு, கொத்து ஐசோடோப்பு இரண்டு காலத்துண்டுகளுக்கு மட்டும், அதுவும் ஓடுகள் மிஞ்சினால். பணமோ கருவி நேரமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பாதி மாதிரிகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றில் இணை அளவையைச் செய்ய வேண்டும். எல்லா மாதிரிகளிலும் ஆக்சிஜனை மட்டும் அளந்து வரும் அழகான வளைவு வெப்பநிலைக் கேள்விக்கு விடை தராது. மாதிரி இடைவெளியை மிகவும் நெருக்குவதிலும் பயனில்லை: கடலடிப் புழுக்கள் மேல் பத்து சென்டிமீட்டரைக் கிளறிக் கலப்பதால், ஆயிரமாண்டுக்கு 5 சென்டிமீட்டர் படியும் இடத்தில் இரண்டாயிரம் ஆண்டுகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

தண்டு பழமையானதாக இருந்தால் இந்தத் தேர்வு அப்படியே தலைகீழாகும். இந்தியப் பெருங்கடலின் அடியில் உள்ள தொண்ணூறு கிழக்கு முகட்டில் துளையிட்டதைப் போன்ற தண்டுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னே செல்கின்றன. அவ்வளவு காலத்தில் கடல்நீரின் மெக்னீசியம்–கால்சியம் விகிதமே மாறியிருக்கிறது. இன்று அது 5.2 என்றால், ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ அதில் பாதி. அந்த மாற்றத்தின் மீதான ஐயம் முழுவதும் வெப்பநிலையின் மீது வந்து விழுகிறது. அங்கே கடல்நீரைப் பற்றி எதுவும் கேட்காத கொத்து ஐசோடோப்புதான் முதன்மை அளவையாக வேண்டும். வேறுபாடுகள் பத்து டிகிரி அளவில் வரும்போது அதன் ஒன்றரை டிகிரிப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓடு மறுபடிகமாகியிருந்தால், அதாவது அதன் சுண்ணாம்பு கரைந்து புதிதாகப் படிந்திருந்தால், எந்த அளவையும் கைவிட்டுவிடும். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டிய இயோசீன் கால வெப்பமண்டலக் கடல்கள் குளிர்ந்திருந்தன என்று நெடுங்காலம் நம்பப்பட்டதற்குக் காரணம், மேற்பரப்பு ஓடுகள் குளிர்ந்த கடலடியில் கிடந்து மறுபடிகமானதே. தான்சானியாவின் களிமண்ணில் கண்ணாடி போன்ற தெளிவோடு கிடைத்த ஓடுகளை அளந்து 2001-இல் பால் பியர்சன் குழு அந்த எண்ணத்தைத் திருத்தியது. மேலே அழுக்கென்று பழித்த களிமண், நீர் ஊடுருவாமல் ஓட்டைக் காத்து, இங்கே நன்மையாக நிற்கிறது.

எந்தத் தேர்வாக இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றே. பொறுக்கிய ஓடுகளை முதலில் எண்ணி, எடை பார்த்து, சிலவற்றை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்க வேண்டும். ஓடொன்றின் சராசரி எடை கரைதலுக்கான நேரடிச் சான்று. படம் மறுபடிகமாதலுக்கான சான்று. நொறுக்கிய பின் இரண்டையும் பெற முடியாது. அதன்பின் நொறுக்கி, நன்றாகக் கலந்து, சிறு பங்கை ஆக்சிஜனுக்கும் பெரும் பங்கை மெக்னீசியத் தூய்மைக்கும் பிரிக்க வேண்டும். கொத்து ஐசோடோப்புக்கான ஓடுகளைத் தனியே ஒதுக்கி, அவற்றை ஹைட்ராசின் படியில் சேர்க்காமல் நீரிலும் மெத்தனாலிலும் மட்டும் அலசி வைப்பது போதும்.